சைப்ரஸில் அறுத்த கயிறு

2 ஜூன் 2024, ஞாயிறு

மூன்று மணிக்கு அவருடைய போன். அங்கே பன்னிரண்டரை. ஐ.நா. அமைதிப் படைக்கென்று சைப்ரஸ் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஸ்டோர் வேலை. இந்தியாவிலிருந்து அங்கே போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்று பெருமை பேசுவார். இன்று படையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்பது நிமிடமும் சாப்பாடுதான்.

"தர்பூசணிய வெட்டி, பக்கத்துல சுட்ட சீஸ் வெச்சிக் குடுக்கறாங்க ரேணு. ஹலூமின்னு பேரு. கடிச்சா கீச்சு கீச்சுங்குது. உப்பும் இனிப்பும் ஒரே வாயில!"

"நம்ம ஊர் பன்னீர்தானே அது?"

"இந்த ஒலகத்துல ஒரே பன்னீர் நான்தான். என்னியப்போயி அதோட சேக்காத."

சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சிக்கிமிலும் ராஜஸ்தானிலும் இருந்தபோது என் மிளகு ரசத்துக்கு ஏங்கிப் பேசாத வாரம் கிடையாது. இந்த ஐந்து மாதத்தில் ரசத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

7 ஜூன், வெள்ளி

பெரணமல்லூர் போய் சுகன்யாவைப் பார்த்து வந்தேன். ஐந்தாம் மாதம். கால் லேசாக வீங்கியிருக்கிறது. "அப்பாவுக்கு அங்க நல்லா சாப்பாடு போடறாங்களாம்மா, மூஞ்சி உப்பிப் போச்சு" என்று சிரிக்கிறாள்.

வரும்போது ஏரிக்கரை முனீஸ்வரன் கோயிலை பஸ் தாண்டியது. பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிப்ரவரியிலிருந்து இப்படித்தான்.

16 ஜூன், ஞாயிறு

போட்டோ வந்தது. ஒரு நீள மேசை, இருபது குட்டித் தட்டு. திராட்சை இலையில் அரிசியை மடித்து வேக வைத்தது, ஆலிவ் காய், கரியில் சுட்ட கறி. இங்கிலாந்துக்காரன், அர்ஜென்டினாக்காரன், ஸ்லோவாக்கியாக்காரன் எல்லோரும் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "இங்க வந்த பட்டாளத்தான் எவனும் ஒல்லியாத் திரும்பல" என்று கீழே எழுதியிருக்கிறார். நடுவில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்கார அம்மாள், மருல்லாவாம், அவர் தோளில் கை போட்டு நிற்கிறாள். எழுபது வயது இருக்கும்.

அவர் கையில் ஒரு சின்ன கிளாஸ்.

அதைக்கூட விட்டுவிடுவேன். வலது மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறது. கயிறு இல்லை.

சுகன்யாவுக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். "தண்ணியா இருக்கும்மா."

விரல் அளவு கிளாஸில் யாரடி தண்ணீர் குடிப்பார்கள்?

17 ஜூன், திங்கள்

விளக்கு ஏற்றினேன். திரியில் விட வேண்டிய எண்ணெய் தரையெல்லாம். எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டில் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சிலிண்டர் மாற்றிய நாள், அரிசி மூட்டை பிரித்த நாள், தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள், விரதம் இருந்த நாள் எல்லாவற்றையும் குறித்து வைப்பவள் நான். ஐந்தாவதோடு பள்ளியை நிறுத்திய பிறகு நானாகப் பழகிக்கொண்ட பழக்கம். என் தேதி தப்பாது என்று அவருக்குத் தெரியும். அவர் நம்பியதும் அதனால்தான்.

14 பிப்ரவரி 2021. அதற்கு முதல் நாள் சுகன்யாவுக்கு நிச்சயதார்த்தம். லீவில் வந்திருந்தவர் குடித்துவிட்டு, சம்பந்தி வீட்டார் கண்முன்னால் தாம்பாளத்தின் மேலேயே விழுந்தார். மறுநாள் விடியும்போதே முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். குடியை நிறுத்த இந்தப் பக்கத்தில் எல்லோரும் அங்கேதான் கயிறு கட்டுவார்கள். கெடு சொல்லிக் கட்ட வேண்டும். கெடு முடிந்ததும் வந்து அவிழ்க்க வேண்டும். நடுவில் குடித்தால் முனி சும்மா விடாது. அவருக்கு இன்னும் தெளியவில்லை. பூசாரி எத்தனை வருஷம் என்று கேட்க, மூன்று விரலைக் காட்டினார். "எம் பொண்ணு மேல சத்தியம்" என்று அழுதார்.

சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "எத்தினி வருஷம் சொன்னேன்?"

அஞ்சு என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் திருத்திச் சொல்ல மூன்று வருடம் இருந்ததே, திருத்தவில்லையே. இந்த பிப்ரவரியோடு கெடு முடிந்தது. அவர் கணக்கில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

அப்படியிருந்தும் குடிச்சிட்டாரே? அஞ்சுன்னு நம்பிக்கினுதானே குடிச்சாரு? பெத்த பொண்ணு மேல சத்தியம் பண்ணிட்டு!

நான் யாரைக் கேட்க?

23 ஜூன், ஞாயிறு

போனில் நலம் கூட விசாரிக்கவில்லை. "கயிறு எங்க?" என்றேன்.

மறைக்காமல் சொன்னார்.

மருல்லாவுக்கு ஒரு அண்ணன். ஐம்பது வருடத்துக்கு முன் அங்கே நடந்த சண்டையில் காணாமல் போனவன். எலும்பு இப்போதுதான் கிடைத்து, சோதனை செய்து, அவன்தான் என்று உறுதியாகி, மே மாதம் அடக்கம் செய்திருக்கிறார்கள். தினமும் அங்கே சாப்பிடுகிறவர்கள் என்று இவர்களையும் அழைத்திருக்கிறாள். அடக்கம் முடிந்ததும் கல்லறை வாசலிலேயே ரொட்டி, ஆலிவ், ஹலூமி, ஒரு சின்ன கிளாஸ். வாங்கிக் குடித்து, செத்தவனுக்கு சாமி மன்னிப்பு கொடுக்கட்டும் என்று சொல்ல வேண்டுமாம்.

"அந்தம்மா நீட்டிக்கினே நிக்குது ரேணு. அம்பது வருஷம் காத்துகினு இருந்த கை அது. வேணாம்னு எப்பிடி சொல்றது? சாமி கயித்தோட குடிக்கக் கூடாதுன்னு, பக்கத்துல இருந்தவன்கிட்ட கத்தி வாங்கி அறுத்துட்டுதான் குடிச்சேன்."

"அந்த ஒரு நாள்தானா?"

"...இல்ல. அப்புறம் ஞாயித்துக்கெழமையில. கறி சுடறப்ப ஒரு கிளாஸ். பொய் சொல்ல மாட்டேன். புடிச்சிருக்கு."

பொய் சொல்ல மாட்டேன் என்றார். என்னிடம்.

போனை வைத்துவிட்டேன்.

14 ஜூலை, ஞாயிறு

மூன்று வாரமாக நான் போனை எடுக்கவில்லை. சுகன்யாவிடம் மட்டும் பேசுகிறார்.

20 ஜூலை, சனி

நேற்று பார்சல் வந்தது. அவரோடு இருந்த சென்னைக்காரர் ஒருவர் லீவில் வரும்போது கொண்டுவந்து அனுப்பியிருக்கிறார். நேற்று ஆடி வெள்ளி, உள்ளே கறி ஏதாவது இருக்குமோ என்று இன்றுதான் பிரித்தேன். ஹலூமி இரண்டு கட்டி, ஒரு பாட்டில் ஆலிவ், ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்துக்குள் கயிறு. முடிச்சை அவிழ்க்காமல் அறுத்தது. கறுத்து, அவர் வியர்வை நாற்றத்தோடு. "கோயில்ல சேத்துடு. எனக்கு தெகிரியம் இல்ல" என்று எழுதியிருக்கிறார்.

சாமி மாடத்தில் வைக்க மனம் வரவில்லை. குப்பையில் போடவும் முடியாது. மஞ்சள் துணியில் முடிந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

எதிர் வீட்டு சின்னபொண்ணு தறியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். தோசைக்கல்லில் ஹலூமித் துண்டைப் போட்டேன். உருகாமல் அப்படியே சிவந்தது. அவள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "இன்னாக்கா, செருப்பு மாதிரி கீது" என்றாள். சொல்லிக்கொண்டே மூன்று தின்றாள்.

எனக்கும் பிடித்தது. எரிச்சலாக வந்தது. மாம்பழத்தோடு வைத்துத் தின்றேன். சொன்னாரே, உப்பும் இனிப்பும் ஒரே வாயில் என்று. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

28 ஜூலை, ஞாயிறு

போனை எடுத்தேன். "தின்னியா?" என்றார். "தின்னேன்" என்றேன். வைத்துவிட்டேன்.

11 செப்டம்பர், புதன்

வேலூர் ஆஸ்பத்திரி. சுகன்யாவுக்கு பிரஷர் ஏறிவிட்டது. குழந்தை அசைவு குறைவு என்று படுக்க வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வாசலுக்கும் வார்டுக்குமாக நடக்கிறார். டாக்டரம்மா எதையும் முழுதாகச் சொல்லவில்லை. மனதுக்குள் முருகா முருகா என்றுதான் ஓடுகிறது. ஆனால் எந்த வாயால் கூப்பிடுவது?

மத்தியானம் அவர் போன். அழுகிறார். இருபத்தாறு வருடம் பட்டாளத்தில் இருந்த மனுஷன்.

"நான்தான் ரேணு. அவ மேல சத்தியம் பண்ணினு குடிச்சேன். முனி என்னிய உட்டுட்டு புள்ளயப் புடிச்சிக்கிச்சி."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மூணு வருஷம்தாங்க, எப்பவோ முடிஞ்சு போச்சு, நீங்க எந்த சத்தியத்தையும் மீறல என்று. வாய் திறந்தேன். "அழாதீங்க" என்பது மட்டும்தான் வந்தது.

ஏன் சொல்லவில்லை? அழட்டும், அந்தப் பயத்திலாவது விட்டுவிடுவார் என்று ஒரு மூலையில் நினைத்தேன். பிள்ளை அங்கே படுத்திருக்கும்போது. இப்படியும் ஒரு பெண்பிள்ளை இருப்பாளா?

12 செப்டம்பர், வியாழன்

அசைவு வந்துவிட்டது. பிரஷர் மட்டும் இறங்கவில்லை. மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஆரணி வந்து, மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன்.

பூசாரி சடையப்பன் சின்ன வயசுக்காரன். அவன் அப்பாவுக்குப் பிறகு இரண்டு வருடமாகப் பார்க்கிறான். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே நோட்டைப் புரட்டினான்.

"பன்னீர்செல்வம், மிலிட்டரி... மூணு வருஷம். மாசியிலயே முடிஞ்சு போச்சேம்மா. அவுக்க வர்ல?"

"அறுத்துட்டாரு."

"எப்ப?"

"மே மாசம்."

"அப்ப இன்னா இப்ப? கெடு முடிஞ்ச கயிறு. உண்டியல் பக்கத்துல போட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான். மூன்று மாதமாக என் வயிற்றில் கிடந்தது அவனுக்கு அவ்வளவுதான். போகாமல் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சு என்றதையும், நேற்று வாயை மூடிக்கொண்டதையும். பரிகாரம் கேட்டேன்.

மோட்டார்க்காரனை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "சாமிகிட்ட நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே. நோட்ல மூணுன்னுதான கீது. யார்கிட்ட சொன்னீங்களோ, அவர்கிட்டப் போய்க் கேளுங்கம்மா. இதுக்கு நான் எலுமிச்சம்பழம் அறுத்தா ஆவாது."

15 செப்டம்பர், ஞாயிறு

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னேன். திக்கவில்லை. தேதியோடு சொன்னேன்.

முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"மூணு மாசமா எனக்கு சோறு எறங்கல ரேணு. ஆஸ்பத்திரி சேதி வந்த அன்னிக்கு மருல்லா கடையில தட்ட அப்பிடியே தள்ளிட்டு வந்தேன். எம் புள்ளைய நானே கொன்னுட்டேன்னு... உங்கிட்ட தேதி கேட்டா கல்லுல வெட்டின மாதிரின்னு நெனச்சிகினு இருந்தேனே."

கட் ஆகிவிட்டது. கட் செய்தார்.

29 செப்டம்பர், ஞாயிறு

போன் இல்லை. போன ஞாயிறும் இல்லை. இப்போது அவர் முறை.

19 அக்டோபர், சனி

பெண் குழந்தை. இரண்டு கிலோ நானூறு. தாயும் சேயும் நலம். பிறந்த நேரம் காலை 9.42. நர்ஸ் 9.45 என்றாள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீடியோவில் குழந்தையைப் பார்த்தார். சுகன்யா போனை என் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ சாப்டியா?" என்றார்.

பிரசவம் நல்லபடி ஆகட்டும் என்று காலையிலிருந்து இருந்த விரதத்தை இரவு முடித்தேன்.

24 நவம்பர், ஞாயிறு

ஆரணி அரிசி இரண்டு கிலோ கேட்டு எழுதியிருக்கிறார். மருல்லாவின் திராட்சை இலைக்கு நம் ஊர்ப் பொன்னிதான் பொருத்தமாம், அவளிடம் பந்தயம் கட்டியிருக்கிறாராம். அனுப்ப வழி விசாரிக்க வேண்டும்.

ரசத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார், கடைசி வரியில்.

26 ஜனவரி 2025, ஞாயிறு

வந்து ஐந்து நாள். உடம்பு பெருத்துவிட்டது, பழைய சட்டை ஒன்றும் சேரவில்லை. கொடியேற்றத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் வந்தார்.

மத்தியானம் தோசைக்கல்லை அவரே அடுப்பில் வைத்து ஹலூமி சுட்டார். என்னைப் பக்கத்தில் விடவில்லை. மருல்லா கொடுத்தனுப்பிய ஒயின் பாட்டிலை மேசையில் வைத்தார். ஒளித்து வைக்கவில்லை. கறுஞ்சிவப்பு, வெல்லப்பாகு போன்ற இனிப்பு வாசனை. கூடவே கொண்டுவந்த சின்ன கிளாஸில் ஊற்றி, குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"நோட்ட எடுத்துக்கினு வா. எழுதிக்கோ. ஒண்ணு."

"நான் எண்ணல" என்றேன்.

"மறுபடியும் கயிறு கட்டச் சொல்லுவியா?"

"நீங்களா போயி எத்தினி வருஷம்னு சொல்றதா இருந்தா கட்டிக்குங்க. நான் கூட வர்ல."

ஒரு துண்டு ஹலூமியை எடுத்து என் வாய்ப்பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன்.

இரண்டாவது முறை பாட்டில் மூடி திறக்கிறதா என்று காது அங்கேயே இருந்தது. திறந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. வெறும் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். சட்னி முன்னமே அரைத்து வைத்திருந்தது.