கொஜோக்கின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு

பையைத் திறந்ததும் துளசி மணத்தது. எங்கள் துளசி இல்லை, உங்களுடையது. உங்கள் பாதிரியார் தண்ணீரில் தோய்த்து எல்லோர் தலையிலும் தெளிப்பாரே, அந்தக் காய்ந்த கட்டு. பூச்சி அண்டாமலிருக்க உன் ஆட்டுத்தோல் அங்கியின் மடிப்புக்குள் அதை வைத்திருந்தாய். கூடவே நாலைந்து வால்நட் இலைகள். மணம் மூக்கில் ஏறியதும் நான் செய்த முதல் வேலை உன்னைத் திட்டியதுதான். "எடியே, இதை என்னட்டை அனுப்பிப்போட்டு நீ எங்க போய் இருக்கிறாய்?" என்று சத்தமாகவே கேட்டேன். அடுத்த அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "ஆரோட கதைக்கிறீர்?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். உன்னோடு நான் கதைப்பது இந்த வீட்டில் புதுச் செய்தி இல்லை.

உனக்குச் சொல்ல ஒரு புதுச் செய்தி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற பழக்கத்தை இந்த ஒரு முறையாவது விடு.

மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கத்து அந்த உரோமக் கோட்டுத் தொழிற்சாலையில் நான் தோல் தைக்கிறவள், நீ உட்துணி பொருத்துகிறவள். ஏழு வருடம் எதிரெதிர் மேசை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி பிரெஞ்சுதான் இருந்தது, அதை வைத்துக்கொண்டே உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம். தமிழில் நீ கற்றுக்கொண்டவை இரண்டே சொற்கள்: ஆமென்பதற்கு 'ஓம்', பிறகு என்பதற்கு 'பேந்து'. அந்த இரண்டிலேயே நீ என்னைச் சமாளித்தாய். ஆனால் இப்போதெல்லாம் என் காதுக்குள் நீ சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறாய். ருமேனியாக்காரிக்கு இது அவமானம் என்று கோபிக்காதே. எனக்கு உன்னை வேறு எப்படியும் கேட்கத் தெரியவில்லை.

அந்த அங்கியை நான் முதலில் கண்டது பார்க் எக்ஸ்டென்ஷனில், நம் பஸ் தரிப்பிடத்தில். ஊரார் போட ஆயிரக்கணக்கான டொலரில் கோட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் மலிவு விற்பனையில் வாங்கிய ஜாக்கெட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றோம். நீ மட்டும் வெள்ளைத் தோல் அங்கியில் நின்றாய். மார்பு நிறையச் சிவப்புப் பூக்கள், இடையிடையே பச்சையும் கறுப்பும், கீழ் ஓரம் முழுக்கக் கறுத்த ஆட்டுக்குட்டியின் சுருள் உரோமம். தோல் வெளியே இருந்தது, கம்பளி உள்ளே இருந்தது.

"என்ன, ஆட்டை உட்புறம் வெளியா மாத்திப் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்குத் தைக்கத் தெரியாது," என்றாய். "தெரிஞ்சிருந்தா அதுவும் கம்பளியை உள்ளுக்குத்தான் வைச்சிருக்கும்."

அதற்குப் பெயர் கொஜோக் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். உன் அம்மாவின் கல்யாண அங்கி. உங்கள் ஊரில் தோலைப் பதப்படுத்தி வெட்டித் தைக்கிற ஆண்களே பூவேலையும் செய்வார்களாம். இளம்பெண்ணுக்கு நல்ல சிவப்பில், வயதானவர்களுக்கு இருண்ட நிறங்களில். வீட்டில் போய்ச் சொன்னேன். சட்டைப் பொத்தான் கழன்றாலே இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரிகிற மனிதர், "நல்ல ஊர்தான்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ருமேனியாவை விட்டு வரும்போது பெட்டிக்குள் அடங்கவில்லை என்று ஆடி மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறினாயாம். பக்கத்து இருக்கைக்காரன் உனக்குக் காய்ச்சல் என்று நினைத்து எழும்பிப் போய்விட்டானாம். நீ சொன்னபோது பஸ் தரிப்பிடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். சிரித்து முடித்ததும் என்னை அறியாமல் என் கூறைச் சேலையின் கதையைச் சொல்லிவிட்டேன். இடம்பெயர்ந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெட்டியையும் வீட்டையும் பிறகு நான் காணவில்லை. நீ அங்கியைக் கழற்றி என் தோளில் போட்டாய். "பஸ் வரும்வரைக்கும் நீ போடு," என்றாய். வெறும் கம்பளிச் சட்டையோடு பல் கிடுகிடுக்க நின்றாய். பஸ் அன்றைக்கும் பிந்தித்தான் வந்தது. எனக்குக் கழற்ற மனம் வரவில்லை, அதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு உன் மகள் மிரெலாவுக்குக் கல்யாணம் வந்தது. அப்போது இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து மூன்று நான்கு குளிர்காலம் போயிருக்கும். உனக்கு ஒரே ஒரு ஆசை. தை மாதக் குளிரில் தேவாலய வாசலிலிருந்து கார் வரைக்கும் அவள் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். "இருபது அடிதான்," என்று கெஞ்சினாய். மொன்றியலில் வளர்ந்த பிள்ளை அவள். "மாமா, நான் ஆட்டைச் சுமந்துகொண்டு கல்யாணம் கட்ட மாட்டன்," என்றாள். உங்கள் மொழியில் மாமா என்றால் அம்மா என்று தெரியாமல் முதலில் கொஞ்ச நேரம் எந்த மாமாவைச் சொல்கிறாள் என்று தேடினேன். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பார்ப்பம்" என்றாள். நீ அந்தப் பார்ப்பத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கியைச் சுருட்டி என்னிடம் கொண்டுவந்தாய். மிரெலாவுக்குத் தோளும் மார்பும் அகலம். இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரைக்கும் இரண்டு விரல் அகலத்தில் தோல் சேர்க்க வேண்டும்.

துணியில் பிழை விட்டால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போன துளை மூடாது. அது நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். நான் பிளேடை எடுத்துப் பக்கத் தையலைப் பிரிக்கத் தொடங்கியபோது நீ சிலுவை போட்டாய், நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். முதலாளியிடம் கேட்டு வாங்கிய வெள்ளைத் தோல் துண்டை நனைத்து, பலகையில் ஆணி அடித்து இழுத்துக் காயவைத்து, பழைய தோலின் தடிப்புக்குச் சுரண்டி, மூன்று முக ஊசியால் கையாலேயே தைத்தேன். நான் சேர்த்த துண்டின் மேல் நீ பூத் தைத்தாய். ஒரு வாரம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் சாப்பிடவில்லை, அங்கிதான் படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நீ வீட்டுக்குப் போய்விட்டாய். நான் அங்கியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு வடிவு. கை தன்பாட்டுக்கு அடுப்படிக்குப் போய், மஞ்சள்தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, முன்பக்கக் கீழ் மூலையில் தொட்டு வைத்துவிட்டது. எங்கள் வீடுகளில் புது உடுப்பை மஞ்சள் வைக்காமல் போட விடுவதில்லை. பழைய அங்கியென்றாலும் போடப்போகிறவளுக்கு அது புதிது அல்லவா? அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, சத்தியமாக.

சேலையில் மஞ்சள் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். தோல் குடித்தது. கடுகளவு வைத்த மஞ்சள் கண் முன்னாலேயே ஒரு டொலர் நாணயக் குற்றி அளவுக்கு அகன்றது. பதறிப்போய் சவர்க்காரம் போட்டேன். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று ஆலாத்தி கரைக்கத் தெரிந்த எனக்குத் தெரியாதா? சவர்க்காரமும் அதையேதான் செய்தது. வெள்ளைத் தோலில் இரத்தச் சிவப்பு. தேசிக்காயைப் பிழிந்தேன். சிவப்பு போய் மறுபடி மஞ்சள் வந்தது, ஆனால் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போகாமலே நின்றுவிட்டது. என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"மஞ்சளும் போட்டாச்சு, தேசிக்காயும் விட்டாச்சு," என்றார். "இனி உப்பும் தூளும் போட்டு அடுப்பில வைக்க வேண்டியதுதான்."

"பேசாமப் போங்கோ!" என்று கத்தினேன். பிறகு உனக்கு டெலிபோன் எடுத்தேன். "கெதியா வா" என்று மட்டும் சொன்னேன்.

நீ வீட்டுச் செருப்போடு வந்தாய். கார் ஓட்டிவந்த மிரெலாவும் பின்னால் வந்தாள். கறையைப் பார்த்துவிட்டு நீ கதிரையில் உட்கார்ந்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ அந்த மூலையை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தாய். உன் அம்மாவின் அங்கியை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

மிரெலாதான் கேட்டாள். அவள் என்னைத் தான்தி என்றுதான் கூப்பிடுவாள், உங்கள் மொழியில் மாமி. "தான்தி, ஏன் இதை வைச்சனீங்கள்?"

"எங்கட வழக்கம் பிள்ளை. புது உடுப்பை முதன்முதல் போடுறவைக்கு நல்லா இருக்கவேணும் எண்டு வைக்கிறது."

"இது புதுசில்லையே."

"உனக்குப் புதுசுதானே."

அவள் குனிந்து பார்த்தாள். "அப்ப இந்தப் பொட்டு எனக்கு வைச்சது," என்றாள். "இதில இருக்கிற பூவெல்லாம் வேற ஆக்களுக்குத் தைச்சது. எனக்கெண்டு இதில இருக்கிறது இது ஒண்டுதான்." நீ இரவிரவாக அவளுக்காகத் தைத்த பூக்களை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை, அதைப் பற்றி நீ பிறகு ஒரு மாதம் என்னிடம் முறைப்பாடு சொன்னாய். ஆனால் அந்த நேரம் நீ எழும்பி அங்கியை அவளிடம் நீட்டினாய். அவள் ஜீன்ஸுக்கு மேலேயே அங்கியைப் போட்டுக்கொண்டு என் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும்போதும் கழற்றவில்லை.

இருபது அடி என்றாயே! ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் போட்டவள் மண்டபத்துக்குள்ளும் கழற்றவில்லை. வட்டமாகக் கைகோத்து ஆடும் உங்கள் ஆட்டத்தில் வியர்த்து ஒழுக ஒழுக ஆடினாள். நீ என்னையும் இழுத்துவிட்டாய். ஊதாச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் சுற்றினேன். என் கணவர் எல்லோரும் வலப்பக்கம் போக இடப்பக்கம் போய், உன் மச்சானின் காலை மிதித்து, அவரோடேயே நண்பராகிவிட்டார். வந்தவர்கள் கறையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இத்தனை வருசமும் விசா இல்லாமல் இருந்தது, இப்பதான் வசந்தி குத்திவிட்டிருக்கிறாள்," என்றாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனி மாதமும் உன் பல்கனியில் அங்கியை முன்பக்கம் சுவரைப் பார்க்கக் காற்றாடப் போடுவாய். ஒவ்வொரு முறையும் நான் சொல்வேன்: மஞ்சளுக்கு வெயில் ஆகாது, அந்த மூலையை இரண்டு நாள் வெயிலில் விடு, கறை தானாகப் போய்விடும். நீ கோப்பியைக் குடித்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்வாய்: "பேந்து." சோம்பேறி என்று திட்டுவேன். "ஓம்," என்பாய்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. நோய் உன்னை அதிக நாள் படுக்க வைக்கவில்லை, அதற்கு இரண்டு கடவுள்களுக்கும் நன்றி. நாற்பதாம் நாள் உன் பெயரில் கொடுத்த இனிப்புக் கோதுமையை நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். நீ பார்த்திருந்தால் மூன்றாவதையும் நீட்டியிருப்பாய்.

இனிச் செய்தி. உன் மகன் ஆந்ரேய்க்கு வருகிற தையில் கல்யாணம். பெண் சோஃபி, இங்கத்தைய கியூபெக் பிள்ளை, உன்னைப் போலவே சத்தமாகச் சிரிக்கிறாள். மிரெலாதான் நேற்று அங்கியைக் கொண்டுவந்தாள். கைகளை மட்டும் கொஞ்சம் நீட்ட வேண்டுமாம். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து, "தான்தி, சோஃபி கல்யாணப் படங்களைப் பார்த்துப்போட்டுக் கேட்டவள், தனக்கு எங்க பொட்டு எண்டு. மறந்துபோகாதேங்கோ," என்றாள்.

இன்று காலை அங்கியை மேசையில் விரித்து அந்த மூலையைத் தேடினேன். கறையைக் காணவில்லை. அந்த இடத்தில் தபால்தலை அளவில் ஊதாத் துணி ஒன்று மூடியிருந்தது. என் சேலைச் சட்டையில் மிஞ்சிய துணி. ஒருநாள் கேட்டு வாங்கினாய், எதற்கென்று சொல்லவில்லை. உரோம ஓரத்தைத் தைத்த பழைய துளைகளுக்குள்ளேயே நூலை விட்டுத் தைத்திருக்கிறாய், தோலில் புதிதாக ஒரு துளைகூட இல்லை. மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் வைத்த அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தது, சிவப்புக் கோடு உட்பட. ஒவ்வொரு ஆனியிலும் பேந்து பேந்து என்று சொல்லிக்கொண்டு, வெயில் படாமல் மூடிவைத்துத்தான் காயப் போட்டிருக்கிறாய். கள்ளி. சத்தமாகச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு மறுபடியும் சிரித்தேன்.

துணியை அப்படியே திரும்ப மூடிவிட்டேன். அதன் பக்கத்தில் சோஃபிக்கு ஒரு பொட்டு வைத்தேன். இந்த முறை தண்ணீர் விட்டுக் குழைக்கவில்லை, விரலை நனைத்து உலர்ந்த தூளைத்தான் தொட்டேன். ஆனாலும் கொஞ்சம் அகன்றது. சவர்க்காரம் பக்கமே நான் போகவில்லை. மூட ஒரு துண்டுத் துணி வேண்டுமென்று சோஃபியிடம் கேட்டிருக்கிறேன். "எதற்கு?" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும்.

எங்களில் செத்தவீட்டுக் காகிதத்துக்குக் கறுப்புக் கரை போடுவோம். கல்யாணக் காகிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் பூசுவோம். போய்விட்ட உனக்கு எழுதுகிற இந்தக் காகிதத்துக்கு எதைப் போடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். விரலில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. நாலு மூலையிலும் பூசிவிட்டேன். கல்யாணத்துக்கு வா.