ஆறு அடுப்புக்கு ஒரு மீட்டர்

அன்புத் தம்பிக்கு, அக்கா ஆசிகளுடன் எழுதுவது.

இன்று காலை தண்ணீர் வாரியத்து ஆள் வந்தபோது முற்றத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், மாடித் தையல்காரி, சலூன்காரர், டிரைவரின் மனைவி, பின்கட்டு நர்ஸ், காவலாளி. ஆறு குடித்தனத்துக்கும் ஆள் இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. "குடிக்கிறது நீங்க, கட்டுறதும் நீங்க" என்று போனிலேயே முடித்துவிட்டார்.

பில் மூன்று மடங்காகியிருக்கிறது. ஒரு சொட்டும் வீணாகவில்லை, எனக்குத் தெரியும். வந்தவரிடம் கேட்டேன். "ஒரு மீட்டர்னா ஒரு குடும்பம்தாம்மா. அளவு கூடக் கூட ரேட்டு ஏறும். உள்ள ஆறு அடுப்பு எரியுறது மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஆறு வீட்டுத் தண்ணீரும் ஒரே கணக்கில் விழுந்து, உச்சி விலைக்கு ஏறிவிட்டது. எதிர் பங்களாவில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். தோட்டத்துக்கும் காருக்கும் போர்வெல் தண்ணீர், அது மீட்டரில் ஏறாது. அவர்கள் கட்டுவது நீ ஏழைக்கென்று வைத்த விலை.

ஆமாம், வாரியத்து அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து நீ வைத்ததுதான். போன முறை வந்தபோது என் சமையலறையில் உட்கார்ந்து, "புதுக் குழாய்க்கு வாங்கின கடனை அடைக்கணும்க்கா, நிறைய தண்ணி செலவழிக்கிறவன் நிறைய கொடுக்கட்டும்" என்றாய். நியாயம்தான். ஓசியில் கொடுத்தால் வாரியம் படுத்துவிடும். ஆனால் நீயும் இதே முற்றத்தில் வளர்ந்தவன். ஒரு குழாய்க்கு எத்தனை குடம் வரிசையில் நிற்கும் என்பது உனக்குமா மறந்துவிட்டது?

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் குழாயை அடைத்துவிடுவார்களாம். தையல்காரிக்கு இது ஒன்பதாம் மாதம். "இந்தத் திட்டத்தப் போட்டவன் வீட்டுக் குழாயில காத்துதான் வரணும்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "அவனுக்கென்ன, பாட்டில் தண்ணியில குளிப்பான்" என்றார் சலூன்காரர். எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது நீதான் என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சி வாக்கு பலித்துவிடக் கூடாதே என்று சாமி முன்னால் போய் நின்றேன். கை கூப்பியது, வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. அவள் சொன்னதில் என்ன தப்பு?

நீ பரீட்சைக்குப் படித்த வருஷம் உன் பங்குக் குடத்தையும் நான்தான் தூக்கினேன். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் கணக்கு எழுதுகிறவள், அதற்கு மட்டும் எழுதியதில்லை.

உன் பணம் வேண்டாம். மீட்டரை எண்ணாமல் குடும்பத்தை எண்ணச் சொல்லி ஒரு வரி மாற்று. அதுவரை குழாயில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லு. கடவுள் உன் வீட்டுக் குழாயை வற்றாமல் வைக்கட்டும்.

வியாழனுக்குள் பதில் போடு.

உன் அக்கா