இருதயத்துக்கு ஒன்றும் இல்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். துறைமுகத்து வெயில் கிரேன் கூண்டுக்குள் உங்களை அதிகம் வாட்டவில்லை என்று நம்புகிறேன். நேற்று அம்மாவோடு பேசினேன். முழங்கால் வலி தேவலையாம். வீட்டு மோட்டாரைச் சரிசெய்தாயிற்றாம். எனக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. முக்கியமாக, இருதயம் மிக நன்றாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல நினைத்தால், உங்கள் குரலைக் கேட்டதுமே வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

போன மாதம் நான் வேலையில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டதையும், கூடத் தங்கியிருக்கும் நர்ஸ் அக்கா என்னை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனதையும் அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருதயத்தைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை, இது பதற்ற நோய், மருந்தும் பயிற்சியும் எடுத்தால் கட்டுக்குள் வரும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். ஆனால் நீங்கள் எங்கள் காது கிளினிக் மேடத்துக்குப் போன் செய்து, "பொண்ணுக்கு இருதயத்துல கோளாறுங்க, பாத்து வேலை குடுங்க" என்று சொல்லிவிட்டீர்கள்.

மேடம் நல்லவர். அதுதான் சிக்கல். காது பரிசோதிக்கும் அறையில் என்னைத் தனியாக விட பயந்து, வாசல் மேசையில் டோக்கன் கிழிக்க வைத்துவிட்டார். கோளாறு குணமாகிவிட்டது என்று இருதய டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிவரச் சொல்கிறார். இல்லாத நோய் குணமாகிவிட்டது என்று எந்த டாக்டர் எழுதித் தருவார்? இப்படியே போனால் அந்த அறைக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். லிஃப்ட்காரர் என்னை ஒரு மாடிகூட ஏற விடுவதில்லை. டீக்கடைக்காரர் சர்க்கரை போடாமல் தருகிறார். இருதயத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் அண்ணே என்று கேட்டால், "எல்லாம் ஒரே ரத்தம்தானேம்மா" என்கிறார்.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிகிறது. "மனசுன்னு சொன்னா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க பொடிசு" என்றீர்கள். எனக்காகக் கௌரவமான ஒரு நோயைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கோபம் இல்லை அப்பா. ஆனால் உண்மையில் அது எப்படி இருக்கும் என்று இதுவரை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

கையிலிருந்து பாத்திரம் நழுவினால், அது தரையைத் தொடுவதற்குள் வயிற்றைக் கவ்வுமே, ஒரு நொடி. எனக்கு அந்த நொடி முடியாமல் நீளும். பாத்திரம் விழவே விழாது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன், வெளியே எல்லோரும் சாதாரணமாகக் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பார்கள், என் கை மட்டும் சில்லிட்டுப் போகும். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்துவிடுவேன். யாருக்காவது போன் செய்ய வேண்டுமென்றால், பேச வேண்டியதை முதலில் சுவரிடம் பேசிப் பார்ப்பேன். இதெல்லாம் அசட்டுத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன, அது நிற்பதில்லை. நல்ல நாட்களும் உண்டு. பல நாள் அது வருவதே இல்லை. அப்போது, ஏன் இன்னும் வரவில்லை என்று காத்திருப்பேன்.

என் வேலையை வைத்துச் சொன்னால் உங்களுக்கு இன்னும் சுலபமாக விளங்கும். பரிசோதனைக்கு வருபவரைச் சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுப்போம். நான் வெளியே இருந்து சன்னமான ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் அவர் அழுத்த வேண்டும். ஒரு லாரி டிரைவர் வந்தார். காது மந்தம் என்று எழுதிவிட்டால் வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்ற பயம். அழுத்திக்கொண்டே இருந்தார். நான் ஒலியை அடியோடு நிறுத்திவிட்டேன். அப்போதும் அழுத்தினார். உள்ளே போய், கேட்டால் மட்டும் அழுத்துங்கள் என்றேன். "சத்தியமா கேக்குற மாதிரியேதாம்மா இருக்கு" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

அவர் பொய் சொல்லவில்லை அப்பா. எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் அவருக்கு நிஜமாகவே கேட்டிருக்கிறது. நானும் அப்படித்தான். என் உடம்பு இல்லாத சத்தத்துக்குப் பட்டனை அழுத்திவிடுகிறது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று நீங்கள் சொல்லும்போது, எனக்கு மட்டும் கேட்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த டிரைவரைச் சற்று நேரம் வெளியே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு மறுபடி பரிசோதித்தேன். காது நன்றாகவே இருந்தது. அந்த வேலை எனக்குச் செய்யத் தெரியும் அப்பா. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன். சுவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் வருகிறது. அவர் உங்களுக்குப் போன் செய்து கேட்கலாம். அப்போது, பெண் சொல்வது சரிதான் என்று மட்டும் சொல்லுங்கள். அது உங்களால் முடியாவிட்டால் போனை எடுக்காமல் இருந்துவிடுங்கள். என் பாட்டை நான் பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். ஒவ்வொரு விடுமுறையிலும் நீங்கள் திரும்பிப் போகும் நாள் நெருங்கும்போது உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. பயண அலுப்பு என்பீர்கள். பயணம் தொடங்கியே இருக்காது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருப்பீர்கள். "உங்கப்பா குளிக்கிறாரா, குளம் வெட்டுறாரா" என்று அம்மா சிரிப்பாள். நீங்கள் வெளியே வரும்போது தலை நனைந்திருக்காது. நான் பார்த்திருக்கிறேன் அப்பா. அம்மாவிடம் சொன்னதில்லை.

அவ்வளவு உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் தனியாக இருக்கும்போது அது வந்தால் என்ன செய்கிறீர்கள்? எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? மேடத்திடம் என்னைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு உங்களைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். நான் ஒண்ணுமில்ல என்று சொல்லமாட்டேன்.

பத்திரமாக ஏறி, பத்திரமாக இறங்குங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்
உங்கள் பொடிசு