மேல் அடுக்கில் ஊற்றிய தண்ணீர்

அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தவரை ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூட எழுதாதவள், இப்போது எழுதித் தொந்தரவு செய்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய ஆளிடம் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நம் திராட்சைத் தோட்டத்துச் செய்தி. அறுவடை முடிந்துவிட்டது. கடல் மூடுபனி இந்த வருஷம் சீக்கிரம் விலகவில்லை, பழுக்க நாளானது. மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டே அத்தனை பெட்டிகளையும் சரிவிலிருந்து இறக்கினார். ஒயின் பீப்பாயில் இருக்கிறது. நான் இன்னும் கீழே குபெர்டினோ நகரத்தில்தான் வேலைக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுகிறேன்.

கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான், அப்பா.

சரிவின் மேல் அடுக்கில் நீங்கள் மயங்கிச் சாய்ந்த அன்று தண்ணீர் கேட்டீர்கள். அம்மா கீழே ஓடி, பாட்டிலை நிரப்பிக்கொண்டு சரிவேறி வருவதற்குள் நீங்கள் இல்லை. அதிலிருந்து தினமும் காலையில் அந்த வரிசைக் கொடிகளுக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறாள். மழையும் பனியுமே போதும் என்று நீங்கள் ஒருநாளும் நீர் பாய்ச்சாத கொடிகள்.

போன மாதம் மாமா கேட்டார்: "அக்கா, நீ கொடி வளக்குறியா, கொளம் வெட்டுறியா?"

"காலைல மூணு டம்ளர் காப்பி குடிக்கிறவனுக்குத் தாகத்தப் பத்தி என்னடா தெரியும்? போடா!"

நானும் சிரித்தேன். அந்த அடுக்கைத் தாங்கும் கல்சுவர் கசிவதை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

இப்போது சுவர் நடுவில் புடைத்து நிற்கிறது. அதற்கு நேர் கீழேதான் நாம் ஒயின் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் கொட்டகை. ஜன்னல் வழியே உங்கள் வரிசை தெரிகிறது என்று அம்மா கட்டிலை அங்கே போட்டுக்கொண்டாள்.

சுவரை வந்து பார்த்த இன்ஜினியர் அறிக்கை அனுப்பினார். நம் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களையெல்லாம் படித்துச் சொல்வது, பட்டம் வாங்கிய ஒரே ஆளான நான்தானே? அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். சுவரைத் தள்ளுவது தினமும் விடும் தண்ணீர் என்ற வரியை. சுவர் பழசு, மழை வந்தால் ஆபத்து என்று சொல்லி முடித்தேன்.

"மழைதானே? ஒங்கப்பா கட்டின செவுரு. எத்தன ஸ்டார்ம் பாத்துருக்கு! டென்ஷன் ஆகாம சாப்புடு."

நான் மறைத்தது அவளை அந்தக் கட்டிலிலேயே படுக்க வைத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால்? அன்று தண்ணீர் கொண்டுவரப் பிந்திவிட்டோம் என்று உருகுகிறவளிடம், இன்று நீ விடும் தண்ணீர்தான் அவர் கட்டிய சுவரைச் சாய்க்கிறது என்று எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் எந்த வார்த்தையில் தொடங்குவீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை பெரிய மழை என்கிறார்கள். சுவரைச் சரிசெய்யும் கான்ட்ராக்டர் அடுத்த வாரம்தான் வருவாராம். இன்று சாயங்காலம் நான் வந்ததும், மாமாவும் நானும் கொட்டகையிலிருந்த பாட்டில் பெட்டிகளை வீட்டுக்குள் மாற்றிவிட்டோம். கட்டிலைத் தொட அம்மா விடவில்லை. "சரக்கு பத்திரமாயிருச்சுல்ல, அது போதும்" என்கிறாள். மூன்று நாளாக ஃபோனில் மேகப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆபீஸில் யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

நாளைக் காலை, அவள் ஹோஸை எடுப்பதற்கு முன்னால், அந்த விட்டுப்போன வரியை வாசித்துவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு. அவள் அழுதாலும் பாதியில் நிறுத்த மாட்டேன். இது சத்தியம் அப்பா.

இன்னும் ஒன்று. இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இதைக் கேட்கத்தான். நீங்கள் என் கனவில் அடிக்கடி வருகிறீர்கள். அம்மா கனவில் ஒருமுறைகூட வரவில்லையாம். மாமாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இன்றைக்கு என்னிடம் வர வேண்டாம். நான் வாசிப்பதற்கு முன் அவளிடம் போங்கள். தாகம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்கள் பாப்பா,
செல்வி