பதினோரு நாள் தொங்கிய வெங்காயம்

என் ஆருயிர் மாப்ள மருதுவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பழங்காநத்தத்தில் உங்கள் பெட்டிக்கடை பெஞ்சின் ஆடுகிற கால், நேற்று மாலை சரியாக ஐந்து மணிக்குச் செங்கல் வைத்து முட்டுக்கொடுக்கப்பட்டது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

இந்த வரியை எழுதிய பிறகுதான் யாருக்கு எழுதுகிறேன் என்பது உறைத்தது. மன்னித்துக்கொள். பழக்கதோஷம்.

வருகிற வெள்ளிக்கிழமை நீ போய் ஒரு வருஷம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், ஐந்தாம் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். சொல்லும்போது குரல் மாறுவதில்லை, பஸ் நம்பர் சொல்வது போல வந்துவிடுகிறது. இது சரிதானா மாப்ள?

போன வாரம் கடை அலமாரியைத் துடைக்கச் சொன்னார் மாமா. உன் அப்பாவை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். மிட்டாய் பாட்டில்களை இறக்கினால் அடியில் முழுக்கப் பழைய தலைப்புச் செய்திகள். மாலைப் பேப்பர் கட்டோடு தினமும் வருமே, பெரிய எழுத்தில் இரண்டு வரி அடித்த போஸ்டர், அதுதான். வாசல் கயிற்றில் ஒருநாள் தொங்கும். மறுநாள் புதுசு வந்ததும் பழசை மாமா எறிய மாட்டார், அலமாரியில் விரித்துவிடுவார்.

முதலில் கையில் வந்தது, ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை’. பத்தாம் வகுப்பில், விடாத மழையில். அந்தக் கடைசிச் சொல்லுக்கு நேராக வாழைத்தாரை நகர்த்திக் கட்டியவன் நீ. மறுநாள் வகுப்பில் மூன்றே பேர். நீ, நான், கணக்கு சார்.

“மத்தவய்ங்க எல்லாம் எங்கடா?”

“லீவுன்னு போஸ்டர்ல பாத்தாய்ங்களாம் சார்.”

“நீங்க ரெண்டு பேரும் பாக்கலயா?”

“நாங்க பேப்பர உள்ள விரிச்சுப் படிச்சோம் சார்,” என்றாய் நீ, என்னவோ தினமும் தலையங்கம் படிக்கிறவன் மாதிரி.

சார் முதல்நாள் சாயங்காலம் அதே தாரில் நாலு பழம் பிய்த்து வாங்கும்போதே பின்னால் இருந்த ‘இல்லை’யைப் பார்த்துவிட்டவர் என்பது நமக்கு அப்போது தெரியாது. மறைத்தது தார், மாட்டியது யார்? ஒரு வாரம் வராந்தாவில் நின்றோம். “ஒருத்தன் தலைப்பு, இன்னொருத்தன் தலைவலி” என்று போகிற வருகிற வாத்தியார்களிடம் எல்லாம் நம்மை அறிமுகப்படுத்தினார் சார். தலைப்பு நான்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து வந்தது சொந்தத் தயாரிப்பு. பழைய போஸ்டரின் முதுகில், என் கையால், தடித்த மார்க்கரில் எழுதியது: ‘திருநகரில் சிறுத்தை? மக்கள் பீதி!’ மாமா சாப்பிடப் போன இடைவெளியில் கயிற்றில் ஏற்றினோம். அவர் திரும்பி வருவதற்குள் பேப்பர் மொத்தமும் தீர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து திருநகரில் வாக்கிங் போகிறவர்கள் கையில் எல்லாம் கம்பு. கம்பு கிடைக்காத ஒருவர் கிரிக்கெட் மட்டையோடு நடந்தார்.

பேப்பர் வாங்கிய ஒருவர் அன்றைக்கே திரும்பி வந்தாரே, நினைவிருக்கிறதா?

“அண்ணே, பேப்பரு முழுக்கத் தேடிட்டேன். சிறுத்தையக் காணோம்ணே.”

மாமா அண்ணாந்து போஸ்டரைப் பார்த்தார். என் எழுத்தை அவருக்குத் தெரியும்.

“சிறுத்தைல்ல, ஒரு எடத்துலயா நிக்கும்?” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, உள்ளே வந்து இரண்டு பேர் காதையும் சேர்த்துப் பிடித்தார். உன் காதை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் திருகினார். சொந்தப் பிள்ளை என்ற சலுகை.

மூன்றாவதை நான் பிரித்ததும், “அத அப்டியே வையி,” என்றார் மாமா.

‘சின்ன வெங்காயம் விலை கிடுகிடு’.

அன்றைக்கு அதைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை போன் பண்ணினார். மாமா பலகையைச் சாத்திவிட்டு ஓடினார். அப்புறம் பதினோரு நாள் கடை திறக்கவில்லை. உன்னைப் பற்றி எந்தத் தலைப்பும் வரவில்லை. தெருவில் தொங்கியது அந்த வெங்காயம் மட்டும். தினமும் அந்த வழியாகத்தான் போனேன். கை நீட்டினால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

மார்க்கெட்டில் நாலாம் நாளே விலை இறங்கிவிட்டதாம். நம் தெருவில் மட்டும் பதினோரு நாளும் கிடுகிடு. எதிர்வீட்டு அக்கா அந்தப் போஸ்டரை நம்பிக் கடைசி வரைக்கும் பெரிய வெங்காயத்திலேயே குழம்பு வைத்தாராம், வீட்டில் ஒருவரும் வாய் வைக்கவில்லையாம். நீ கேட்டிருந்தால் பெஞ்சோடு விழுந்திருப்பாய். நான் “அப்படியாக்கா” என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் போஸ்டர் ஒன்று இருக்கும். காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. முதல் வருஷத்துக்கு உனக்கும் அடிக்க வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் மாமா சொன்னார்.

“மருமகனே, மேட்டர நீ எழுது. நீதான எழுதுவ.”

“அஞ்சு நிமிசத்துல தாரேன் மாமா. தெருவே அழுகும் பாருங்க.”

“அழுகுறதுக்கு வீட்டுல ஆளு இருக்கு. அவனத் தெரிஞ்சவன் எழுதுன மாதிரி இருந்தாப் போதும்.”

வகுப்பிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மருது போஸ்டர் வருகிறது, வசனம் அடியேன், ஒரு சொல் கூட அடுத்தவன் சொல் கிடையாது என்று. பிரஸ்ஸில் இருக்கிற அண்ணன் நாலு தடவை போன் பண்ணினார். “தம்பி, போட்டோ வந்து மூணு நாளாச்சு. மேட்டரு எங்க?” “வந்துக்கிட்டே இருக்குண்ணே.” முந்தாநாள் ஒருவழியாக அனுப்பிவிட்டேன். “சூப்பரா இருக்கு தம்பி, படிக்கையில தொண்டைய அடைக்குது,” என்றார். நானும் அடக்கமாகத்தான் நன்றி சொன்னேன்.

இன்று காலை புரூஃப் வந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். மேலே உன் படம், உன் பெயர். “எங்கள் குலவிளக்கே” வரைக்கும் தடையில்லாமல் போனார். கீழே வந்ததும் விரல் நின்றது.

“‘தங்கள் பிரிவால் வாடும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள்.’” நிமிர்ந்தார். “மருமகனே, எம்மகனுக்குப் பதினேழு வயசுப்பா.”

“ஆமா மாமா.”

“பேரன் பேத்தி எங்கிட்டிருந்து வந்தாய்ங்க?”

பஸ் ஸ்டாண்டுச் சுவரிலிருந்து வந்தார்கள் மாப்ள. மூன்று வாரம் நோட்டில் ‘மருது’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல் வராமல் உட்கார்ந்திருந்தேன். சுவரில் யாரோ ஒரு பெரியவருக்கு ஒட்டியிருந்ததைப் போட்டோ எடுத்து, பேரை மட்டும் மாற்றி பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். கடைசி வரி வரைக்கும் படித்துக்கூடப் பார்க்கவில்லை. தலைப்பு மன்னன் உனக்காக எழுதியது ஒரு சொல் கூடக் கிடையாது. மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். இப்போது உன்னிடம்.

மாமா திட்டவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மோந்து கொடுத்தேன்.

பிறகு அவரே பேனாவை எடுத்து எல்லா வசனத்தையும் அடித்தார். உன் படமும் பேரும் மட்டும் மிஞ்சின. கீழே ‘அப்பா, அம்மா’ என்று எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

“மூணாவது நீ. என்ன மொறையோ அதையும் சேத்து எழுது.”

வாங்கினேன். கை ஓடவில்லை. சாயங்காலம் தாரேன் மாமா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்த முறை எத்தனை நிமிஷம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் தாண்டிவிட்டது. நாளைக் காலை பிரஸ் திறக்கும்போது வாசலில் நிற்பேன். மூன்றாவது பேரை, முறையோடு, என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன். இது சத்தியம். அதற்கு முன்னால் இங்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாப்ள,
அப்பாஸ்