ஓர் அங்குலம் உடைந்த ஸ்கேல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தையல் மெஷினும் நலம், மூவரில் மெஷின் மட்டும்தான் எண்ணெய் விட்டால் சத்தத்தை நிறுத்துகிறது. அங்கே நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும், குட்டியின் உள்ளங்கை மட்டும் இன்னும் சீக்கிரமாக நலமாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உன் மூக்குக்கண்ணாடியைக் குட்டிதான் மிதித்து உடைத்தாளாம், முதலில் நான் இல்லவே இல்லை என்று சாதித்தாளாம், ஸ்கேலால ரெண்டு போட்டதும் ஒத்துக்கிட்டாம்மா, நீங்க எங்களை வளர்த்த மாதிரிதான் என்றாய். எனக்குப் பேச்சு வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று நீயே முடிவு செய்து போனை வைத்துவிட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் உன் அக்கா வீட்டுக் கூத்தைக் கேள். அவள் மகள் வாலு போன வாரம் நம் தையல் கடைக்கு வந்தவள், பல் டாக்டர் தைக்கக் கொடுத்த கால்சட்டையில் ஒரு காலை முழங்காலோடு வெட்டிப் பொம்மைக்குப் பாவாடை கட்டிவிட்டாள். நாலு சாத்து சாத்தினா எல்லாம் சரியாயிடும் என்றார் அப்பா. எது சரியாகும், வெட்டின கால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டேன், செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். உன் அக்கா, பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு நடத்திய வகுப்புக்கு முழுசாக இரண்டு நாள் போய் வந்தவளாயிற்றே, அடிக்கவே கூடாது, யோசனை நாற்காலியில் உட்கார வைத்துத் தன் தப்பை யோசிக்க வைக்க வேண்டும் என்றாள். கடையில் உருப்படியாக இருப்பது ஒரே நாற்காலி, அது அப்பாவுடையது. வாலு அதில் காலாட்டியபடி முக்கால் மணி நேரம் யோசித்தாள், அப்பா நின்றுகொண்டு யோசித்தார். இறங்கச் சொன்னால் இன்னும் யோசிச்சு முடியல என்கிறாள். அடுத்ததாக மாப்பிள்ளை, ஒரு வாரம் போனைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு சொன்னார். அவள் பாட்டுக்கு சோப்பு நுரை ஊதிக்கொண்டிருக்கிறாள், அவள் எதிரில் தானும் தொட முடியாமல் மாப்பிள்ளைதான் மணிக்கு ஒரு தரம் குளியலறைக்குப் போய் வருகிறார். வயிறு சரியில்லையா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். பிறகு யாரும் அவளோடு பேசக் கூடாது என்று முடிவானது, அரை மணியில் உன் அக்காவுக்கே அழுகை வந்துவிட்டது, வாலுதான் தேற்றினாள்.

கடைசியில் நான் அந்தக் கால்சட்டையை அவள் மடியில் போட்டுத் தையலைப் பிரிக்கச் சொன்னேன். மூன்று நாள் சாயங்காலம் விரல் வலிக்கப் பிரித்தாள். அதே நிறத்தில் துணி எடுத்து வெட்டுப்பட்ட காலை மட்டும் புதிதாகத் தைத்து, அவள் கையிலேயே கொடுத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். நான்தான் வெட்டினேன் என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே ஆவென்று வாயைத் திறந்து நின்றாள் பாவம், அங்கே தண்டனை அதுதான் என்று நினைத்துவிட்டாள். டாக்டரும் எட்டிப் பார்த்து ஒரு சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்தார். இப்போது கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் என்னைக் கேட்கிறாள்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் ஓரடி ஸ்கேல் உனக்கு ஞாபகம் இருக்கும், அதில் உள்ள அடியை உன் அப்பா வேறு அர்த்தத்தில்தான் எப்போதும் எடுத்துக்கொள்வார். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கோட் தைக்க வெட்டி வைத்திருந்த துணி இரண்டு அங்குலம் குறைந்தது, கத்தரிக்கோல் உன் பக்கத்தில் கிடந்தது. நான் தொடலம்மா, தொடலம்மா என்றாய். நான் போட்ட மூன்றாவது அடியில் ஸ்கேலின் முனை தெறித்தது, நான்தாம்மா வெட்டினேன் என்றாய். அடித்தால் உண்மை தானாக வரும் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த வாரம் அளவு நோட்டைப் பார்த்தேன். இருபத்தைந்து என்று எழுதியிருந்ததை இருபத்துமூன்று என்று படித்து, அந்தத் துணியை வெட்டியது நான். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அம்மா என்ற கௌரவம் தடுத்தது. அன்று சாயங்காலம் உனக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தேன், எதுக்கும்மா என்று கேட்டாய், சும்மாதான் என்றேன். முதல் அங்குலம் போன அந்த ஸ்கேலில் இன்றைக்கும் ஒன்றிலிருந்துதான் அளக்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கழிக்கிறேன். இருபத்தெட்டு வருடம் கழித்தும் அந்தக் கணக்குத் தீரவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணா.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், சிரிப்புக்குக் குறைவில்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும். மருமகளைக் கேட்டதாகச் சொல். ஒன்றே ஒன்று மறக்காதே, படுத்தபடி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைக்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கண்ணாடி உடைந்த அன்று காலையில் கட்டிலிலிருந்து முதலில் காலை ஊன்றியது யார் என்று யோசித்துப் பார். பிறகு ஸ்கேலைத் தூர வைத்துவிட்டு, குட்டியிடம் இன்னொரு தரம் கேள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா