கழட்டி வெச்ச வால்வு

ஜூன் 1, ஞாயிறு
மேகமூட்டம், ஆனா புழுக்கம். வீக் ஆஃப். பின்தெருவுல தையல் கடை வெச்சிருக்கிற தெரேசா அக்காவோட பெட்ரோல் ஜெனரேட்டரை கேஸ் சிலிண்டர்ல ஓடுற மாதிரி மாத்தியாச்சு. நான் மாத்தினதுல நாலாவது. படப்பைல கரண்ட் போய்ப் போய் வருது, அக்கா கடைல ஸ்கூல் யூனிபார்ம் மலையாட்டம் குவிஞ்சு கிடக்கு.

ஒரே வம்பு, கட்-ஆஃப் வால்வு. இன்ஜின் நின்னா கேஸையும் நிறுத்துறது அதுதான். மாட்டினா இன்ஜின் விக்கி விக்கி ஓடுது. கழட்டினா சீரா ஓடுது. கழட்டிட்டேன். அடுத்த ஞாயிறு புதுசு வாங்கி மாட்டிக்கலாம்.

அக்காகிட்ட அதைச் சொல்லல. "நின்னா சிலிண்டரை மூடிடுங்கக்கா"ன்னு மட்டும். அதுவும் பைக்கை ஸ்டார்ட் பண்ணிகினே. காதுல விழுந்துச்சான்னு தெரியல.

அக்கா: "இன்னாப்பா, பெட்ரோல் நாத்தமே இல்ல! நல்லா கீது."

ஜூன் 8, ஞாயிறு
கம்பெனில ஓ.டி. வர முடியாதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல.
வாங்க வேண்டியது: வால்வு. பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ். துவரம்பருப்பு.
வாங்கினது: பருப்பு, பாக்ஸ்.

ஜூன் 10, செவ்வாய்
மழை வர்ற மாதிரி இருந்துச்சு, வரல. லன்ச்ல வீட்டுக்காரி போன். "தெரேசா அக்கா கடைல தீங்க. நீங்க மாத்திக் குடுத்த மெஷின்தான்."

காலைல கரண்ட் போயிருக்கு. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடி, தானா நின்னுருக்கு. கேஸ் நிக்கல. அக்கா திரும்ப ஸ்டார்ட் பண்ண கயிறை இழுத்திருக்காங்க. குப்புனு. ரெண்டு கையும், முழங்கை வரைக்கும். முகம் தப்பிச்சுது.
சாப்பிடல.

ஜூன் 11, புதன்
பெரியாஸ்பத்திரி. தீக்காய வார்டு. அக்கா வீட்டுக்காரர் சூசை அண்ணன், வர்றவங்க எல்லார்கிட்டயும்: "சிலிண்டர மூடாம உட்டுக்கீறா. அறிவு வாணாம்? தம்பி எவ்ளோ நல்லா பண்ணிக் குடுத்துச்சு." என் தோளைத் தட்டினார்.

அக்கா சுவத்தைப் பாத்துகினு, "மறந்துட்டேன் போல."



ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிருந்தேன். உரிக்கிறதுக்கு அவங்களுக்குக் கை இல்லன்னு அங்க போய்த்தான் உறைச்சுது. இடது கை தேறிடுமாம். வலது கை விரல் பழையபடி மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாதாம். கத்தரி பிடிக்கிற கை.

ஜூன் 12, வியாழன்
கம்பெனி லைன்ல எனக்கு போல்ட் டைட் செக் பண்ற வேலை. ஒண்ணு லூஸா இருந்தாலும் சிவப்பு லைட்டு எரிஞ்சு லைன் நின்னுடும். ஞாயித்துக்கிழமை வேலைக்கு அந்த மாதிரி லைட்டு ஏது.

மத்த மூணு ஜெனரேட்டரையும் போய்ப் பாத்தேன். மூணுலயும் வால்வு இருக்கு. கொஞ்சம் மூச்சு வந்துச்சு. உடனே அதுக்கே வெக்கம்.

"பாத்தாலே பத்திகினு வருது, எடுத்துனு போயிடு"ன்னு சூசை அண்ணன் கருகின மெஷினை என்கிட்டயே குடுத்துட்டார். வாசல்ல கிடக்கு. வால்வு இன்னிக்குத்தான் வாங்கினேன். மாட்டிட்டா யாருக்கும் தெரியாது.

மாட்டினேன். ரெண்டே ஸ்க்ரூ.

அப்படியே உக்காந்திருந்தேன். அப்புறம் கழட்டினேன். வீட்டுக்காரி கதவுகிட்ட நின்னு பாத்துகினு இருந்தா. ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 14, சனி
லீவு போட்டேன். மத்தியானம் வார்டு. நல்ல வெயில், ஃபேன்ல அனல். அக்கா தனியா இருந்தாங்க.

"அக்கா, உங்க மேல தப்பு இல்ல. இன்ஜின் நின்னா கேஸ் தானா நிக்கணும். அதுக்கான வால்வை நான்தான் கழட்டி வெச்சேன். உங்ககிட்ட சொல்லல."

அக்கா கட்டுப் போட்ட ரெண்டு கையையும் பாத்தாங்க.

"நாலு நாளா மூடினேனா, மூடலையான்னு நெனச்சி நெனச்சிப் பாத்துகினு கீறேன். பைத்தியம் புடிக்காத கொற."

மன்னிச்சிடுங்கன்னேன்.

"அத்த நீயே வெச்சிக்க. அவரு வரட்டும். இதே வார்த்தைய அவரு முன்னாடி சொல்லு."

நாலு மணிக்கு சூசை அண்ணன், கஞ்சியோட. சொன்னேன். பக்கத்து பெட்ல இருந்தவங்களும் கேட்டாங்க. அடிப்பார்னு நெனச்சேன். அவர் என்னைப் பாக்கவே இல்ல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, ஸ்பூன்ல கஞ்சியை எடுத்து, மெதுவா, "வாயத் தொற"ன்னார்.

அக்கா திறக்கல. அவரைப் பாத்து, "வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னியே. போய் எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டு வா. அப்புறம் குடிக்கிறேன்."